உயிர் வாத்தியார் வாயில்

முன்னொரு காலத்தில் யூதர்களின் மலைநாடு ஒன்றை எல்நாத்தான் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். மதியத் தூக்கம் கெட்டால் மட்டும் மனிதராக இருக்க மாட்டார். பாருங்கள், அவருடைய படுக்கையறைச் சுவரை ஒட்டியே பள்ளிக்கூடம். வாத்தியார் ரபாயா ஒரு வரி சொல்ல, இருபத்தைந்து வாண்டுகள் தொண்டை கிழியத் திருப்பிச் சொல்லும். ராஜாவின் மகன் யதாயாவும் அதில் ஒருவன்.

பக்கத்து வீட்டில் என்ன சத்தம் வந்தாலும் அங்கே வழக்குப் போடலாம்; பிள்ளைகள் பாடம் படிக்கும் சத்தத்துக்கு மட்டும் போட முடியாது. அதனால் ராஜாவும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அரசவைப் பிரபு பஸ்கூர் பெரிய திராட்சைத் தோட்டக்காரர். தெருவில் ஜனங்கள் தன்னை விட்டுவிட்டு வாத்தியாருக்கு வணக்கம் சொல்வது அவருக்கு வயிற்றெரிச்சல். படிப்பை நிறுத்த வேண்டாம், வாயை நிறுத்தினால் போதும் என்று ராஜாவின் காதில் ஓதினார். மறுநாளே தண்டோரா போட்டார்கள்: பாடத்தில் வாய் திறந்தால் வாத்தியாருக்கு நாடு கடத்தல்.

ரபாயா பாவம், கோலால் எழுத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு ஊமையாக நின்றார். ராஜா ஒரு மாதம் குறட்டை விட்டார்.

மந்திரி மல்லூக்குக்கு மனசு கேட்கவில்லை. அறுவடைத் திருநாளில் சபை கூடியபோது, இளவரசர் படிப்பைப் பார்க்கலாமே, தாங்களே ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றார். பஸ்கூர் அனுப்பிய திராட்சரசத்தைக் குடித்த குஷியில் இருந்த ராஜா ஒரு வரி எழுதினார். யதாயா கணீரென்று படித்தான்:

"பஸ்கூரின் கழுதையே என் பந்திக்கு அழகு."

சபை சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தது. "கழுதை இல்லையடா, திராட்சரசம்!" என்றார் ராஜா.

"ரெண்டுக்கும் அதே மூணு எழுத்துதானே அப்பா? எனக்குக் கழுதைதான் தெரியும். வாத்தியார்தான் வாயே திறக்கலையே."

வாத்தியாரைத் தண்டிக்க வேண்டும் என்று பஸ்கூர் குதித்தார். மந்திரி அதே மூன்று எழுத்தை அவர் முன் நீட்டினார்.

"ஹ், ம், ர். ஹமோர் என்றால் கழுதை, ஹெமெர் என்றால் திராட்சரசம். பிரபு வாய் திறக்காமல் எதுவென்று சொல்லட்டும்."

பஸ்கூர் கையை ஆட்டினார், தொண்டையைத் தடவினார், குடிப்பதுபோல் அண்ணாந்தார். ஜனங்களுக்கு அது கழுதை தண்ணீர் குடிப்பதாகத்தான் தெரிந்தது.

"மகாராஜா, நம் எழுத்தில் மெய் மட்டுமே ஏட்டில் இருக்கிறது. உயிர் வாத்தியார் வாயில் இருக்கிறது" என்றார் மந்திரி.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ரபாயாவின் தோளில் தன் சால்வையைப் போர்த்தி, மன்னிப்புக் கேட்டார். பஸ்கூருக்குத் தண்டனை, ஒரு மாதம் வாண்டுகளோடு உட்கார்ந்து படிப்பது.

முதல் நாள் ரபாயா, ராஜா எழுதிய அதே வரியில் கோலால் அந்த மூன்று எழுத்தைத் தொட்டார். ஊரே சன்னலில் நின்றது. பஸ்கூர் தலையைக் குனிந்து, "கழுதை" என்றார்.

வாத்தியார் மெல்லச் சொன்னார்: "இந்த வரியில் திராட்சரசம், ஐயா. பயப்படாமல் சத்தமாகச் சொல்லுங்கள்."