காலி அண்டாவுக்குக் கையெழுத்து

கைதிகளின் சோற்றை ஜெயிலர் தினமும் ருசி பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது மத்தியச் சிறையின் சட்டம். சிறையில் தரும் புழுத்த பருப்பால் சாம்பாரில் புழு மிதப்பதாகச் சமையல் கைதி காத்தமுத்து முறையிட்டதும் ஜெயிலர் துரைராஜ் உறுமினார்.

"நான் ருசி பார்க்காமலாடா கையெழுத்துப் போடுறேன்? நாளைக்கு ஜெயிலைப் பார்வையிட நீதிபதி வர்றார். அவர் முன்னால நிரூபி. இல்லேன்னா ஆறு மாசம் தனிக்கொட்டடி!"

மறுநாள் நீதிபதியிடம் காத்தமுத்து பதிவேட்டை நீட்டினான். "இன்னிக்குச் சாம்பார் அருமைன்னு ஜெயிலர் ஐயா எழுதிட்டாருங்க."

"எங்கே, எனக்கும் ஒரு கரண்டி ஊற்று."

காத்தமுத்து அண்டாவின் மூடியைத் தூக்கினான். உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை.

"இன்னும் அடுப்பே பத்தவைக்கலீங்க ஐயா."

அன்று முதல் ஜெயிலர் கைதிகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று உத்தரவானது. புழுவும் ஒழிந்தது.

"காத்தமுத்தண்ணே, உங்க புண்ணியத்துல வயிறு நிறையுது" என்று கைகூப்பிவிட்டுத்தான் கைதிகள் சோற்றில் கைவைத்தார்கள். துரைராஜும் தட்டை நீட்டினார், தலையைக் குனிந்துகொண்டு.