மூன்று பானைச் சோறு

அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். அவசரத்துக்கு இந்தக் கதையில் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

வைரக்கண்ணுவுக்கு முழங்கால் போய்விட்டது. வயலுக்கு நடக்க முடியாது. அறுவடை நெருங்கியதும் வெளியூர்களில் இருந்த மூன்று பிள்ளைகளையும் வரவழைத்தார். மூத்தவன் தட்சிணாமூர்த்தி ஓசூரில் மேனேஜர்; ஊருக்கு வந்தால் செருப்பில் சேறு படாமல் திரும்பிப் போவதில் கெட்டிக்காரன். இளையவன் கலியமூர்த்தி சென்னையில் இருக்கிறான். விவசாயிக்காக வாட்ஸ்அப்பில் தினமும் கண்ணீர் விடுகிறவன். இருவருக்கும் நிலத்தை மனை போட்டு விற்க ஆசை. நடுவில் பிறந்தவள் செங்கமலம், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஒற்றை அறை வாடகை வீடு. அதை விட்டுவிட்டு வந்து பயிர் செய்ய வேண்டும் என்று கிடந்து தவித்தாள்.

“ஆளுக்கு ஒரு பங்கு வயலு. நீங்களே நின்னு அறுத்து, அந்த நெல்ல அரைச்சு எனக்கு ஒரு வேள சோறு போடுங்க. போட்டவங்களுக்குத்தான் நிலம்” என்றார் அப்பா.

அறுப்பு முடிந்த வாரமே கொல்லையில் மூன்று அடுப்பு எரிந்தது. செங்கமலத்தின் பானைதான் முதலில் இறங்கியது. சோறு குழைந்து கட்டி கட்டியாகக் கிடந்தது. அண்ணனும் தம்பியும் ஊற்றிய தண்ணீர் போதாமல் மறுபடியும் ஊற்றினார்கள். ஆனால் அவர்கள் சோறு மல்லிகைப்பூ மாதிரி உதிரி உதிரியாக வந்தது.

“சோறு வடிக்கச் சொன்னாரா, கஞ்சி காச்சச் சொன்னாரா?” என்றான் தட்சிணாமூர்த்தி.

“ஒங்க வீட்டுலயும் இப்படித்தானா அக்கா?” என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

செங்கமலம் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூன்று இலையிலும் ஒவ்வொரு கவளம் எடுத்து வாயில் போட்டார்.

இனி நீங்கள் சொல்லுங்கள். நிலம் யாருக்குப் போனது? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

விடை: செங்கமலத்துக்கு. அறுத்த கையோடு அரைத்த புது அரிசி கொஞ்சம் தண்ணீரிலேயே வெந்து குழைந்துவிடும். பழைய அரிசிதான் தண்ணீரைக் குடித்து உதிரியாக வரும். மகன்கள் நின்ற பயிரைப் போனிலேயே வியாபாரிக்கு விற்றுவிட்டு, கடையில் உசத்தி ரகப் பழைய அரிசியாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார்கள். அப்பா வயல் சோற்றைத் தின்று வளர்ந்தும் புது அரிசி எப்படி வேகும் என்று தெரியாத ஜென்மங்கள். அன்றைக்கே கார் ஏறிய இருவரும் இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அவளுக்குச் சோறு வடிக்கத் தெரியாதென்று.