சடையனின் மூளைப் படம்

ஓர் ஆய்வுக்கூடத்தில் சடையன், குன்றி என்ற இரண்டு குரங்குகள் அடுத்தடுத்த கூண்டுகளில் இருந்தன. தினமும் சடையனுக்குச் சர்க்கரை கலந்த சாராயம் வரும். குன்றிக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர். மது மூளையை என்ன செய்கிறது என்று அறியத்தான் இந்த ஏற்பாடு. சடையனோ அதை விருந்து என்று நினைத்தது.

"ஆளைப் பார்த்துத்தான் ஊற்றுகிறார்கள்! உனக்குத் தண்ணீரே அதிகம்!" என்று குன்றியைக் கேலி செய்யும்.

ஓராண்டு கழிந்தது. இரண்டுக்கும் மயக்க ஊசி போட்டு, குகை போன்ற எந்திரத்துக்குள் படுக்கவைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். சடையனுக்கு மயக்கம் தெளியும்போது, டாக்டர் அதன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்.

"பாவம், மூளை சுருங்கிப்போச்சு. இந்தக் கறுப்பு இடைவெளியைப் பாருங்க, எவ்வளவு பெரிசு!" என்றார் உதவியாளரிடம்.

சடையனின் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும்தான். பெரிசு! அதற்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆய்வு முடிந்ததும் இரண்டையும் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கிளம்பும் அவசரத்திலும் சடையன் அந்தப் படத்தை உருவிக்கொண்டது.

அந்தச் சமயம் காட்டுக் குரங்குகளுக்குத் தலைவன் இல்லை. பழைய தலைவனைச் சிறுத்தை அடித்துவிட்டது.

"உங்களில் யாருக்காவது மூளை இருப்பதற்கு அத்தாட்சி உண்டா?" சடையன் படத்தை விரித்தது. "இதோ, என்னுடையது! பெரிசு என்று டாக்டரே சொன்னார்!"

கூட்டம் வாயைப் பிளந்தது.

"அண்ணே, இன்று ஒரே மரத்தில் மூன்று முறை வழுக்கினாய். கொஞ்ச நாள் போகட்டுமே," என்றது குன்றி.

"தண்ணீர் குடித்தவளுக்குப் பொறாமை!"

எல்லாம் சிரித்தன. சடையன் தலைவனாகிவிட்டது.

மூன்றாம் நாளே சிறுத்தை துரத்தியது. கூட்டம் மலையிடுக்கின் விளிம்புக்கு ஓடி வந்து திகைத்து நின்றது. எதிர்ப்பக்கத்து அத்திமரத்தில் இரண்டு கிளைகள் நீண்டிருந்தன. மேலே பச்சைக் கிளை, கீழே காய்ந்து பட்டுப்போன கிளை. சடையனின் கண்ணில் இரண்டும் ஆடின. தெரியவில்லை என்று ஒரு தலைவன் சொல்லலாமா?

"கீழ்க் கிளை! என் பின்னால் வாருங்கள்!"

"ஐயோ, அது பட்டுப்போனது! மேல் கிளைக்குத் தாவு, அண்ணே!"

"தலைவன் நானா, நீயா?"

சடையன் தாவியது. கிளை மளுக்கென்று முறிந்தது. குட்டியோடு பின்னால் தாவப்போன தாய்க்குரங்கின் வாலைக் குன்றி பிடித்து இழுத்தது. பிறகு மேல் கிளைக்குப் பாய்ந்து வழி காட்டியது. மற்றவை ஒவ்வொன்றாகத் தாவித் தப்பின. சிறுத்தை உறுமிவிட்டுத் திரும்பியது.

சடையன் கீழே பாறையில் கால் ஒடிந்து கிடந்தது.

"அண்ணே, அசையாதே! சுற்றி இறங்கி வருகிறேன்!" என்று குன்றி கத்தியது.

சடையன் வலியோடு தலையை நிமிர்த்தியது. "அந்தக் கிளைக்குத்தான் மூளை இல்லை!"

தன் பழுதையே பெருமையாகக் காட்டுபவனிடம் வழி கேட்டால், வழியும் போகும், உயிரும் போகும்.