மந்திரி சாப்பிடவில்லை

சீடருக்கு வயது அறுபத்தொன்று, குருவுக்கு நாற்பத்திரண்டு. ஊரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

குருவின் பெயர் பொற்கொடி. ஊர்க்கோடியில் பூட்டிக் கிடந்த ரைஸ் மில்லைக் கேட்டு வாங்கி, வீட்டை இழந்தவர்கள் விட்டுப்போகும் நாய்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீடரின் பெயர் தெய்வசிகாமணி. நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் பிளீச்சிங் பவுடரோடு குடித்தனம் நடத்திய மனிதர். ஏரிக்கரை வீடுகளை இடித்த அன்று அவரும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தார். சனங்கள் பாத்திரம் பண்டத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்க, ஒரு பெண் மட்டும் இடிந்த சுவர்களுக்கு நடுவே குனிந்து குனிந்து நாய்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல உங்களுக்கு என்னம்மா கிடைக்குது?" என்று கேட்டார் தெய்வசிகாமணி. நக்கல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வந்து பாருங்க" என்றார் பொற்கொடி.

பார்க்க வந்தவர் போகவில்லை. தினமும் காலையில் டிபன் கேரியரோடு வருவார், சாயங்காலம் வீட்டுக்குப் போவார். நடுவே சட்டி கழுவுவார், சோறு கிளறுவார், கேள்வி கேட்பார். கேள்விதான் அதிகம்.

மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. நாயை விட வருகிறவர்களிடம் பொற்கொடி காரணம் கேட்க மாட்டார். "போட்டுக் கழட்டின துணி ஒண்ணு குடுங்க, துவைக்காம குடுங்க" என்பார். லுங்கியோ, நைட்டியோ, துண்டோ, எதுவானாலும் சரி. அதை அந்த நாயின் சாக்குப் படுக்கைமேல் விரித்துவிடுவார்.

சீடருக்கு இது ஒத்துவரவில்லை.

"அம்மா, ஏன் விடறாங்கன்னு நீங்க கேக்கறதே இல்லையே?"

"கேட்டா?"

"நிஜமாவே வழி இல்லாதவன் யாரு, தொல்லை விட்டுதுன்னு கைகழுவிட்டுப் போறவன் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரிஞ்சா?"

சீடர் யோசித்தார். தெரிந்த பிறகு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் தெரிந்தே ஆகவேண்டும் என்று மனசு அரித்தது.

"சோறு அடிப்பிடிக்குது பாருங்க" என்றார் குரு.

ஐப்பசி பிறந்த வாரத்தில் இருசப்பன் வந்தார். கட்டட வேலைக்காரர், ஏரிக்கரையில் வீடு போனவர்களில் ஒருவர். அவர் பின்னால் கயிறு இல்லாமலேயே ஒரு செவலை நாய் நடந்து வந்தது.

"பேரு என்ன?" என்றார் பொற்கொடி.

"மந்திரிங்க."

"எதுக்கு அந்தப் பேரு?"

"ஒரு வேலையும் செய்யாதுங்க. ஆனா தெருவுல அது முன்னாடி போனாத்தான் நாங்க பின்னாடி போகணும்."

சீடர்கூடச் சிரித்துவிட்டார்.

இருசப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். பொற்கொடி கொடுத்த கயிற்றை வாங்கி மந்திரியைத் தூணில் கட்டினார். முடிச்சுப் போட ரொம்ப நேரம் ஆனது. எழுந்தவர் விறுவிறுவென்று போய்விட்டார்.

"பார்த்தீங்களா, திரும்பிக்கூடப் பார்க்கலை!" என்றார் சீடர். "கல்நெஞ்சுக்காரன்."

குரு மந்திரிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

இருபது நாள் ஆயிற்று. இருசப்பன் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாளே கயிற்றை அவிழ்த்துவிட்டும் மந்திரி துண்டின்மேல்தான் படுத்திருக்கும், கொஞ்சம் சாப்பிடும், கேட்டைப் பார்க்கும். சீடரும் கேட்டைப் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் அவர் மனசுக்குள் இருசப்பன்மேல் ஒரு குற்றம் கூடிக்கொண்டே போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை பொற்கொடி மருந்து வாங்க வெளியூர் போனார். மறுநாள்தான் திரும்புவார். சீடருக்குக் கை சும்மா இருக்கவில்லை. மில்லைக் கழுவினார், வாய்க்காலை வாரினார். பிறகு அவர் கண் அந்தத் துணிகள்மேல் விழுந்தது. மொத்தம் ஐந்து. கிட்டே போனாலே குமட்டியது. கொடுக்கும்போதுதானே துவைக்கக் கூடாது, அப்புறம் துவைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. உத்தியோகம் பார்த்த மூளை, விதியில் எழுதாததை நன்றாகவே கண்டுபிடிக்கும்.

ஐந்தையும் வெந்நீரில் ஊறப்போட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு, கல்லில் அடித்துத் துவைத்துக் காயப்போட்டார். சாயங்காலம் அந்தந்த நாயின் படுக்கையில் அந்தந்தத் துணியைப் பிசகில்லாமல் விரித்தார். அவருக்கே ஒரு பெருமை.

மற்ற நான்கு நாய்களும் மோந்து பார்த்துத் தும்மிவிட்டுப் படுத்தன. அவை வந்து ஒரு வருஷத்துக்கு மேல். மில்தான் அவற்றுக்கு வீடு. மந்திரி மட்டும் துண்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மோந்தது. காலால் புரட்டிப் போட்டு மறுபக்கம் மோந்தது. பிறகு துண்டை விட்டு இறங்கி, வெறும் சிமென்ட் தரையில் போய்ப் படுத்தது.

அன்று அது சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை.

ஊரிலிருந்து வந்த பொற்கொடி துண்டைக் கையில் எடுத்தார். முகத்தருகே கொண்டுபோனார்.

"நல்லா வெளுத்திருக்கு" என்றார்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டேனாம்மா?"

குரு துண்டை மடித்து ஓரமாக வைத்தார்.

சீடர் பால் வைத்துப் பார்த்தார், முட்டை வைத்துப் பார்த்தார். சுத்த சைவமான மனிதர், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு ஈரல் வேகவைத்தார். மந்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார்.

"உடம்புல நோய் ஒண்ணும் இல்லை. ஆனா வாய்வழியா ஏதாவது உள்ள போயாகணும். இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை" என்றார்.

டாக்டர் போனதும் சீடர் குருவின் முன்னால் போய் நின்றார்.

"திட்டுங்கம்மா."

"திட்டினா அது சாப்பிடுமா?"

"நான் என்னதான் செய்யறது?"

"இருசப்பனைப் போய்ப் பாருங்க. வேற துணி வாங்கிட்டு வாங்க."

"அந்தாளையா? நாயை விட்டுட்டு இத்தனை நாளா எட்டிப் பார்க்காதவர்கிட்டப் போய், ஐயா அழுக்குத் துணி குடுங்கன்னு நான் நிக்கணுமா?"

"ஆமா."

"சரி. ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை கேக்கலாமில்ல?"

"தாராளமா கேளுங்க. பதில் கிடைச்சா எனக்கும் வந்து சொல்லுங்க."

மறுநாள் காலையில் சீடர் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். இரண்டு பஸ் மாறினார். டீக்கடைகளில் விசாரித்தார். வழியெல்லாம் கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். நறுக்கென்று கேட்க வேண்டும், ஆனால் மரியாதை குறையக் கூடாது.

பாதி எழும்பிய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருசப்பன் இருந்தார். கதவு வைக்காத ஓர் அறை. ஒரு மூலையில் சிமென்ட் மூட்டைகள், ஒரு மூலையில் பாய். பகலில் அங்கேயே வேலை, ராத்திரி அங்கேயே படுக்கை. மனைவி தங்கச்சி வீட்டில் இருப்பதாகக் கீழே வாட்ச்மேன் சொல்லியிருந்தார்.

சீடரைப் பார்த்ததும் இருசப்பன் கையிலிருந்த சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"செத்துப்போச்சுங்களா?"

மனசுக்குள் தயாராக வைத்திருந்த கேள்வி சீடருக்கு மறந்தே போனது.

"ஐயையோ, இல்லைங்க. உயிரோடதான் இருக்கு. சாப்பிட மாட்டேங்குது."

இருசப்பன் அப்படியே சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார். "மோர் ஊத்திப் பிசைஞ்சு குடுத்தீங்களா? தயிர் ஆகாது, மோர்தான்."

"எல்லாம் குடுத்தாச்சு. தப்பு என்மேலதான். உங்க துண்டை நான் துவைச்சுட்டேன்."

"துண்டையா?"

"அதுலதான் அது படுத்திருந்துச்சு."

"அதைப் போயி ஏன் சாமி துவைச்சீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார். சுத்தம், சுகாதாரம் என்று ஆயிரம் நோட்டீஸ் எழுதிய கை சீடருடையது. அந்த அறையில் அந்த நோட்டீஸ் எதுவும் உதவவில்லை.

"நீங்களே ஒரு நடை வந்துடுங்களேன்" என்றார் கடைசியில். "உங்களைப் பார்த்தா சாப்பிடும்."

"சாப்பிடும்" என்றார் இருசப்பன். "நான் வரலை."

"மேஸ்திரி விட மாட்டாரா? நான் வேணா பேசறேன்."

"அவரு விடுவாரு. அது இல்லைங்க." இருசப்பன் கைவிரல்களில் காய்ந்திருந்த சாந்தை உரித்துக்கொண்டிருந்தார். "நான் வந்தா சாப்பிடும். கிளம்பினா கூடவே கிளம்பும். மறுபடி தூணுல கட்டணும். அதுக்கு முன்னாடி அதைக் கட்டிப்போட்டதே இல்லை சாமி. அன்னிக்குக் கயிறு போடறப்ப தானாவே கழுத்தை நீட்டிக் குடுத்துச்சு. எங்கயோ கூட்டிட்டுப் போகப்போறேன்னு நெனச்சுக்கிச்சு. இன்னொரு வாட்டி என்னால ஆகாது."

சீடருக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தொரு வயசு மனிதர், முன்பின் தெரியாத கட்டடத்தில் நின்று அழுதார். இருசப்பன் பதறிப்போய் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

பிறகு தன் சட்டையைக் கழற்றினார். முதுகுப்பக்கம் மோந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சிமென்ட் வாடைதான் அடிக்குது."

கக்கத்தை மோந்து பார்த்தார். முகம் தெளிந்தது.

"இங்க இருக்கேன். இது போதுமில்ல?"

"போதும். உங்களுக்கு வேற சட்டை?"

"ஒண்ணு காயுது."

சீடர் தன்னுடைய இஸ்திரிச் சட்டையைக் கழற்றி அவர் கையில் திணித்தார். வேண்டாம் வேண்டாம் என்றவரை விடவில்லை. பனியனோடு பஸ் ஏறி அவருக்குப் பழக்கமில்லை. அதனால் இருசப்பனின் சட்டையை மாட்டிக்கொண்டார். வேர்வை ஈரம் இன்னும் காயவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார். போனால் போகட்டும் என்று சீடர் ஜன்னலோரம் நகர்ந்துகொண்டார். காற்றில் வாடை போய்விடுமோ என்று பயந்து கண்ணாடியை மட்டும் இழுத்து மூடினார்.

மில் கேட்டைத் தள்ளும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பொற்கொடி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

தூணடியில் மந்திரியின் காது நிமிர்ந்தது.

இரண்டு நாளாக எழாத நாய் எழுந்தது. கால் தடுமாறியது. பிறகு ஓடி வந்தது. சீடரின் இடுப்பில் காலைத் தூக்கி வைத்து, சட்டையில் மூக்கைப் புதைத்து, கக்கத்தில் மூக்கைப் புதைத்து, குழந்தை மாதிரி முனகியது. வால் அடித்த அடியில் அதன் உடம்பே ஆடியது.

பிறகு தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்தது.

வால் நின்றது.

"மன்னிச்சுக்கடா" என்றார் சீடர். "நான் இல்லைடா அது."

மந்திரி கீழே இறங்கி நின்று அவரையே பார்த்தது. சட்டையின் நுனியை இன்னொரு தடவை மோந்தது. மறுபடி முகத்தைப் பார்த்தது. பிறகு அவர் காலடியில் உட்கார்ந்தது.

சீடரும் அங்கேயே புழுதியில் உட்கார்ந்தார். பொற்கொடி உள்ளே போய் மோர் ஊற்றிப் பிசைந்த சோற்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். சீடர் ஒரு கவளத்தை எடுத்து நீட்டினார்.

மந்திரி மோந்தது. வாங்கிக்கொண்டது.

இரண்டாவது கவளம். மூன்றாவது. பாதிக் கிண்ணம் போனதும் சீடர் மூச்சு விட்டார்.

"ஏன் வரலைன்னு கேட்டீங்களா?" என்றார் பொற்கொடி.

"கேக்கலை."

"ம்."

"அவரே சொன்னார்" என்றார் சீடர். "அப்புறமா சொல்றேம்மா."

"மெதுவா சொல்லுங்க."

மந்திரி கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, சீடரின் மடியில் தொங்கிய சட்டை நுனிமேல் முகத்தை வைத்துக் கண்ணை மூடியது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போனது. ஆனால் மனசு அரிக்காமல் விடுமா?

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"என்னை இருசப்பன்னு நெனச்சுத்தானே இது ஓடி வந்துச்சு?"

"ஆமா."

"முகத்தைப் பார்த்ததும் நான் அவர் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுபோச்சு."

"பின்ன என்னை யாருன்னு நெனச்சு என் கையால சாப்பிட்டுச்சு?"

பொற்கொடி காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அவரைப் போய்ப் பார்த்துட்டு வந்தவர்னு நெனச்சுத்தான்."