டிரைவர் மேல் விழுந்த பழி

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்ததும், மேலாளர் தணிகாசலத்தின் கணினி "நெட்வொர்க் கேபிள் இணைக்கப்படவில்லை" என்றது.

"கேபிள் செருகித்தான் இருக்கு. நெட்வொர்க் கார்டை இயக்குற டிரைவர் மென்பொருளையும் மூணு தடவை மாத்திட்டேன். துடைக்கிறப்போ நீதான் கெடுத்திருக்கே. மதியத்துக்குள்ள சரியாகலைன்னா உனக்கு வேலை இல்லை!" என்று துப்புரவுப் பணியாளர் செண்பகவல்லியிடம் கத்தினார்.

"சரிங்கய்யா. பூஜையன்னிக்கு இதுக்குச் சந்தனம் வெச்சது யாருங்க?"

"நான்தான்! கேபிளை உருவி, பின்பக்க ஓட்டையைக்கூட விடலை."

செண்பகவல்லி கேபிளை உருவிக் காட்டினாள். முனையில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. முனையையும் ஓட்டையையும் பஞ்சுக்குச்சியால் துடைத்துச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது.

தணிகாசலம் மெல்லக் கனைத்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேங்க. அடுத்த வருஷம் சந்தனக் கிண்ணத்தை மட்டும் என்கிட்ட கொடுத்துடுங்க."

நிம்மதியாக வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.