முதல் கியரில் மூன்று மாமாக்கள்

கட்டையம்பட்டியில் மூன்று மாமாக்கள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று கேட்டால், அவர்களுடைய அக்கா மகள் பொற்கொடி, "இன்னும் தேடிக்கிட்டிருக்கோம்" என்பாள்.

மூவருக்கும் பொதுவாக ஒரு சின்ன கார். எண்பத்தெட்டாம் வருஷத்து மாடல், வெந்தய நிறம். பின்கதவைத் தூக்கினால் இரண்டு ஆட்டுக்குட்டி ஏற்றலாம். பதிவைப் புதுப்பிக்க அன்றைக்குத்தான் கடைசி நாள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாகன ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டால் கார் பொற்கொடிக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பஸ் மாறி, இரண்டிலும் நின்றுகொண்டே போகிறவள் அவள். லைசென்ஸும் எடுத்துவிட்டாள். ஆனால் மெக்கானிக் ராவுத்தர் வண்டி ஓட்டும் யோசனைகளை மாமாக்களிடம்தான் சொல்லியிருந்தார். அதனால் அன்றைக்கு ஓட்டப்போவதும் அவர்கள்தான்.

"எடுக்கிறதுக்கு முன்னாடி இஞ்சினைக் கொஞ்சம் சூடாக்குங்க" என்பது முதல் யோசனை. பொற்கொடி வாசலுக்கு வந்தபோது கார் முழுக்கக் கம்பளி போர்த்தியிருந்தது. முன்பக்கம் ஒரு அண்டாவில் நொச்சி இலை கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன மாமா இது?"

"ஆவி பிடிக்கிறோம்" என்றார் பெரிய மாமா. "வயசான வண்டி. உள்ளே சளி கட்டியிருக்கும்."

"சாவியைத் திருப்பினா இஞ்சின் தானா சூடாகும்."

"சூடாக்காம எப்படிம்மா திருப்புறது?" என்றார் நடு மாமா.

கல்லூரிப் பட்டிமன்றத்தில் மூன்று கோப்பை வாங்கியவள் பொற்கொடி. அங்கெல்லாம் எதிரணிக்குக் கொஞ்சமாவது புத்தி இருந்தது.

அடுத்தது எலுமிச்சம்பழம். நாலு சக்கரமும் நாலு பழத்தை நசுக்கி முடித்தன. "அப்ப ஸ்டெப்னி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார் சின்ன மாமா. மூவரும் கூடி யோசித்தார்கள். பாவம் எதுவும் அகப்படவில்லை. முன்சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி, ஐந்தாவது பழத்தை நசுக்கி, மறுபடி கழற்றிப் பழைய சக்கரத்தை மாட்டுவதற்குள் ஒரு மணி நேரம் போனது.

ஒருவழியாகக் கிளம்பினார்கள். பெரிய மாமா ஓட்ட, நடு மாமா பக்கத்தில். சின்ன மாமா பின்சீட்டில் பொற்கொடியின் பக்கத்திலிருந்து எக்கி, டேஷ்போர்டில் காதை வைத்திருந்தார். இஞ்சின் அலறியது. பால்காரர் ஒருவர் சைக்கிளில் முந்திக்கொண்டு போனார்.

"மாமா, கியரை மாத்துங்க."

"எப்ப மாத்தணும்னு வண்டியே சொல்லும்னு ராவுத்தர் சொல்லியிருக்காரு."

"இந்தக் கத்துக் கத்துதே, போதாதா?"

"அது கத்துது. இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றார் சின்ன மாமா, காதை எடுக்காமல்.

"முப்பது வருஷத்துக்கு மேல ஒரு வார்த்தை பேசாத வண்டி, இன்னைக்கா பேசப்போகுது?"

"நாம பேச விட்டாத்தானே? நீ கொஞ்சம் வாயை மூடு தாயி."

பன்னிரண்டு கிலோமீட்டரும் முதல் கியர்தான். அலுவலகம் மூட ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். ஆய்வாளர் சுற்றி வந்தார், விளக்கைப் போடச் சொன்னார், ஹாரனை அடிக்கச் சொன்னார். பொற்கொடி இறங்கி, அவர் பின்னாலேயே சுற்றினாள். கையெழுத்து விழுந்தது.

"இதே கண்டிஷன்ல வெச்சுக்கங்க. அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல" என்று சொல்லிக் காகிதத்தை அவளிடம் நீட்டிவிட்டுப் போனார்.

பொற்கொடி மற்றொரு கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க மாமா. இனி வண்டி என்னுது."

"உன்னுதுதான், யாரு இல்லேன்னா?" என்றார் பெரிய மாமா. "ஆனா சாவியை எடுத்தா இஞ்சின் நின்னுடும். ஐயா பார்த்தப்ப ஓடிக்கிட்டுல்ல இருந்துச்சு?"

"அப்ப இறங்குங்க, நான் ஓட்டுறேன்."

"அவரு பார்த்தப்ப நாங்க மூணு பேரும் உள்ளே இருந்தோம். அதுவும் கண்டிஷன்தானே?"

"அஞ்சு வருஷமும் இப்படியே உட்கார்ந்திருப்பீங்களா?"

"உனக்காகத்தான் தாயி" என்றார் நடு மாமா, சீட்டைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டே.

முக்கால் மணி நேரம் வாதாடினாள். எதிரணி அசையவில்லை. வண்டிதான் அசைந்தது. இரண்டு தரம் குலுங்கி, ஒரு தரம் இருமி, பெட்ரோல் தீர்ந்து நின்றது.

சின்ன மாமா டேஷ்போர்டிலிருந்து காதை எடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "அண்ணே, சொல்லிருச்சு."

"ஐயா சொன்ன கண்டிஷன் என்னாகும்?" என்றார் நடு மாமா.

"அது ஐயா சொன்னது. இது வண்டியே சொல்றது" என்றார் பெரிய மாமா. பயபக்தியோடு இரண்டாவது கியரைப் போட்டுவிட்டு, பொற்கொடியைப் பார்த்துப் பின்சீட்டைக் கைகாட்டினார்.

"ஏறி உட்காரும்மா. இனிமே பறக்கும்."