வாய் கட்டிய கலயங்கள்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலைகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காமல் இருந்த நாளில், உவர்நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டின் கடலோரத்தில் சாத்தையன் என்று ஓர் உப்பு வண்டிக்காரன் இருந்தான். ஒரு வண்டி, இரண்டு மாடுகள், பூவாயி என்று ஒரு மனைவி, உடையப்பன் என்று வயதான தகப்பன். அவ்வளவுதான் அவனுக்குச் சொந்தம். பிள்ளைகள் இல்லை.

உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சாத்தையன் காடு தாண்டிப் போவான், ஆறு தாண்டிப் போவான், மலை தாண்டிப் போவான். திரும்பி வரும்போது வண்டியில் தானியம் இருக்கும். தானியத்துக்கு நடுவே, வைக்கோலில் சுற்றி, ஒரு மணி இருக்கும்.

ஆமாம், மணிதான். ஆட்டுக் கழுத்து மணி, தேர் மணி, எந்த ஊரிலோ இடிந்துபோன கோயிலின் கைமணி, நாட்டியக்காரி ஒருத்தி காலில் கட்டியிருந்த சலங்கையிலிருந்து உதிர்ந்த ஒற்றை மணி. எதைப் பார்த்தாலும் வாங்கிவிடுவான். வீட்டின் பின் அறையில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். வேலை முடிந்து வந்ததும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பான். ஆட்டு மணியை அடித்தால் மலைச்சரிவில் பெய்த மழை நினைவுக்கு வரும். கைமணியை அடித்தால் யாருமே இல்லாத ஒரு பிராகாரம் நினைவுக்கு வரும். சத்தம் அடங்கும்வரை கண்ணை மூடி நிற்பான். அவனுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அது.

ஊர் சும்மா இருக்குமா? உப்பளத்தில் கேட்டார்கள்: "மணி சேர்த்து என்ன கண்டே, சாத்தையா?" கிணற்றடியில் கேட்டார்கள்: "மணி சேர்த்து என்ன கண்டான் அவன்?" வீட்டுக்கு வந்தால் தகப்பனும் அதையே கேட்டார்: "மணி சேர்த்து என்னடா கண்டே?"

சாத்தையன் பதில் சொல்லமாட்டான். என்ன கண்டோம் என்று அவனுக்குத் தெரியும், சொல்லத்தான் தெரியாது.

ஒரு வருஷம் கூரை மாற்ற வேண்டியிருந்தது. ஓலை எல்லாம் மக்கிப்போயிருந்தது. மழைக்கு முன்னால் புது ஓலை வாங்க வேண்டும் என்று பூவாயி பணத்தை அவன் மடியில் கட்டி அனுப்பினாள். போன இடத்தில் ஒரு கிழட்டு மாவுத்தன், செத்துப்போன தன் யானையின் மணியை விற்க உட்கார்ந்திருந்தான். சாத்தையன் அதைத் தட்டிப் பார்த்தான். பூமிக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். கை தானாக மடியை அவிழ்த்துவிட்டது.

மணியோடு வந்து நின்றவனைப் பார்த்துப் பூவாயி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மணிக்கு அடியில படுத்துக்கலாமா நாம? மழை வந்தா அது மறைக்குமா?"

அன்றைக்குப் பக்கத்து வீட்டில் காதுகுத்து. அத்தனை பேருக்கு முன்னால் தகப்பனும் சேர்ந்துகொண்டார். "என் மகனைப் பாருங்க. கூரையை வித்து மணி வாங்கினவன்" என்றார். பந்தியே சிரித்தது. சாத்தையன் இலையில் பாதிச் சோற்றை விட்டுவிட்டு எழுந்து போனான்.

போனவன் பனங்காட்டுக்குள் போனான். அந்தக் காட்டின் நடுவில் ஒரு பாழடைந்த கல்மண்டபம். அதில் ஒரு மந்திரவாதி இருந்தான். அவனைச் சொல்வாங்கி என்பார்கள். ஆள் மெலிந்தவன். மண்டபம் முழுக்க மண் கலயங்களை அடுக்கி வைத்திருந்தான். ஒவ்வொரு கலயத்தின் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

"என்ன வேணும் உனக்கு?" என்றான் சொல்வாங்கி.

"என்னை யாரும் குறை சொல்றது என் காதில் விழக்கூடாது, ஐயா. அது போதும்."

"அது சின்ன வேலைதான்."

"என்ன விலை?"

"காசு வேண்டாம். நீ மணி சேர்க்கிறவன், நான் சொல் சேர்க்கிறவன். உன் காதுக்கு வராத சொல்லை எல்லாம் நான் எடுத்துக்குவேன். உனக்கு வேண்டாததுதானே?"

"வேண்டாததுதான்" என்றான் சாத்தையன்.

சொல்வாங்கி தன் விரலை நனைத்து அவன் காதுமடலைத் தொட்டான். தண்ணீருக்குள் முங்கி எழுந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் உப்பளத்தில் நாலு பேர் அவனைப் பார்த்து வாயசைத்தார்கள், சிரித்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. கிணற்றடியில் வாயசைத்தார்கள். சத்தம் இல்லை. சாத்தையன் நிமிர்ந்து நடந்தான். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நிம்மதியை அவன் கண்டதில்லை. அதன்பிறகு அவனுக்குக் கேட்டது மணி விற்கிறவர்களின் குரல்தான். "உங்களைப் போல ரசனை உள்ளவர் யாருங்க?" என்பார்கள். வாங்குவான். முன்பெல்லாம் அவன் ஒரு மணியைக் கொண்டுவந்தால், அடுப்படியிலிருந்தே பூவாயி சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள், "இது விரிசல் விட்டது, ஏமாந்துட்டீங்க" என்று. அவளுக்கு அப்படி ஒரு காது. இப்போதும் சொன்னாள். அவனுக்கு விழவில்லை. பின் அறையில் விரிசல் விட்ட மணிகள் பெருகின.

மழை வந்தது. கூரை ஒழுகியது. பூவாயி அவன் முன்னால் நின்று எதையோ சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். உதடு அசைவது தெரிந்தது. குறைதான் சொல்கிறாள் என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சொல்லிச் சொல்லி அவள் வாய் ஓய்ந்தது. "சாப்பாடு ஆச்சு", "தண்ணி இருக்கு" என்ற இரண்டைத் தவிர அவளிடமிருந்து அவனுக்கு ஒன்றும் வருவதில்லை. மாட்டுக்குத் தீனி வைக்கும்போது அவள் மாட்டிடம் பேசிக்கொண்டிருப்பதை அவன் பார்த்திருக்கிறான். அதுகூட அவனுக்குக் கேட்காது. அவனைப் பற்றித்தான் பேசியிருப்பாள்.

கிழவர் உடையப்பன் படுத்திருந்த மூலையில்தான் ஒழுக்கு அதிகம். ஈரத்தில் படுத்தவருக்கு இருமல் பிடித்தது. இருமல் நெஞ்சில் இறங்கியது. நாலு பானைகளை வைத்துப் பூவாயி தண்ணீரைப் பிடித்தாள். வைத்தியர் வந்து நாடியைப் பார்த்துவிட்டு, மருந்துப் பையைத் திறக்காமலே போனார்.

ஒரு விடிகாலையில், மழை விட்டிருந்த நேரம், கிழவர் மகனைக் கிட்டே கூப்பிட்டார். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பேசினார். நிறையப் பேசினார். நடுநடுவே மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடி பேசினார். சாத்தையனுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் இருமியது கேட்டது. ஓலையிலிருந்து தண்ணீர் பானையில் சொட்டியது கேட்டது. அவர் வாய் அசைந்தது, நின்றது. கை தளர்ந்தது.

"அப்பா" என்றான். "அப்பா, கேட்கலை. இன்னொரு தரம் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. இனி எப்போதும் சொல்லமாட்டார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அவன் பூவாயியிடம் கேட்டான்: "அப்பா கடைசியா என்ன சொன்னாரு?" அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள். உதடுதான் அசைந்தது. யார் வாயால் வந்தாலும் குறை குறைதானே. அது அவனுக்கு வராது, அப்பாவின் சொல்லோடே போய்ச் சேரும்.

சாத்தையன் மணிகளை எல்லாம் வண்டியில் ஏற்றினான். ஒன்று விடாமல் ஏற்றினான். பனங்காட்டுக்கு ஓட்டினான்.

"இதையெல்லாம் வெச்சுக்கோங்க, ஐயா. எங்கப்பா சொன்னதை மட்டும் குடுங்க."

சொல்வாங்கி வண்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "திரும்பி வந்தவன் நீ ஒருத்தன்தான்" என்றான். "மற்றவங்களுக்கு எதை இழந்தோம்னே தெரியாது. உன் மணி எனக்கு வேண்டாம். அதோ, அந்த மூலையில் இருக்கிறது எல்லாம் உன் கலயங்கள். ஒன்றை மட்டும் எடுக்க முடியாது. முதலில் இருந்து வரிசையா அவிழ்க்கணும், கடைசிவரை கேட்கணும். நடுவில் ஒரு தரம் காதைப் பொத்தினாலும், அப்புறம் இடி விழுந்தாலும் உனக்குக் கேட்காது. யோசிச்சுக்கோ."

சாத்தையன் தரையில் உட்கார்ந்தான். முதல் கலயத்தை அவிழ்த்தான்.

அதிலிருந்து உப்பளம் வந்தது. "பைத்தியம்", "கிறுக்கன்", "மணி சேர்த்து என்ன கண்டான்." கலயம் கலயமாக அதே சிரிப்பு. கை காதுக்குப் போகத் துடித்தது. தொடையில் வைத்து அழுத்திக்கொண்டான். கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. அந்தச் சொற்களுக்குள் அவனே இல்லை. நேரம் போகாதவர்கள் யாரையாவது பேச வேண்டும், அவனைப் பேசியிருக்கிறார்கள். இதற்காகவா காதை விற்றோம் என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த அடுக்கைத் தொட்டான். பூவாயியின் குரல்.

"இந்த மணி விரிசல், திருப்பிக் குடுத்துடுங்க." "மாட்டுக்குக் குளம்பு வெடிச்சிருக்கு, பார்க்கலையா நீங்க?" "மாமா படுத்திருக்கிற இடத்துல ஒழுகுது. ஓலை இல்லாட்டியும் ஒரு பாயாவது கூரைமேல போடுங்க. நான் ஏறட்டுமா? ஏணியை மட்டும் பிடிங்க." "நான் பேசறது கேட்குதா உங்களுக்கு? என்னங்க, என் முகத்தையாவது பாருங்க." பிறகு மாட்டிடம் சொன்னது: "உன்கிட்ட பேசினா காதையாவது ஆட்டறே."

சாத்தையன் அழுதான். பொத்தாமல் அழுதான். இந்தச் சொற்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் அவன் இருந்தான், அவள் இருந்தாள், வீடு இருந்தது.

மிச்சம் ஒரு கலயம். கட்டை அவிழ்க்க விரல் வரவில்லை. பல்லால் அவிழ்த்தான்.

முதலில் இருமல் வந்தது. பிறகு குரல்.

"சாத்தையா, உன்மேல எனக்கு ஒரு வருத்தம்டா. ஊரோட சேர்ந்து நானும் கேட்டேன், மணி சேர்த்து என்ன கண்டேன்னு. அவங்க சிரிக்கக் கேட்டாங்க. நான் தெரிஞ்சுக்கக் கேட்டேன். எனக்கும் வேற மாதிரி கேட்கத் தெரியலை, அது என் தப்புதான். ஆனா நீ ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னைக் கூப்பிட்டு உட்கார வெச்சு, இதுதாம்ப்பா கண்டேன்னு ஒண்ணை அடிச்சுக் காட்டியிருக்கலாம்ல? கதவைச் சாத்திக்கிட்டுல்ல அடிச்சே. சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கூரைப் பணத்துல ஒண்ணு வாங்கிட்டு வந்தியே, மண்ணுக்குள்ள இருந்து வர்ற மாதிரி... அது என்ன மணிடா?"

கலயம் தீர்ந்தது.

"யானை மணிப்பா" என்றான் சாத்தையன். மண்டபத்தில் யாருக்கும் அந்தப் பதில் தேவைப்படவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. ஒரே ஒருவன் பொறுமையாகக் கடைசிவரை கேட்டுவிட்டதும் மந்திரம் வலுவிழந்தது. அடுக்கி வைத்திருந்த மற்ற கலயங்கள் எல்லாம் படபடவென்று வெடித்தன. சொற்கள் தேனீக்கூட்டம் போலக் கிளம்பி, உரியவர்களைத் தேடிப் பறந்தன. அரண்மனையில் உணவருந்திக்கொண்டிருந்த உவர்நாட்டு ராஜா கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அவரும் எப்போதோ சொல்வாங்கியிடம் காதைக் காட்டியவர்தான். குடிகள் அவரிடம் சொன்ன அத்தனை முறையீடும் ஒன்றாக வந்து விழுந்தது. அந்த வருஷமே உப்பு வரி நீங்கியது. ஏன் நீங்கியது என்று யாருக்கும் தெரியாது.

மண்டபத்திலேயே, எல்லாவற்றுக்கும் அடியில், கறுத்துப்போன ஒரு பழைய கலயம் இருந்தது. அதுவும் உடைந்தது. "எங்கேடா சுத்திட்டு வர்றே? சோறு ஆறிப்போச்சு" என்றது ஒரு பெண்ணின் குரல். சொல்வாங்கி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஓடுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டான்.

சாத்தையன் வீட்டுக்குத் திரும்பினான். பூவாயி வாசலில் நின்றிருந்தாள். எங்கே போனீர்கள் என்று ஆரம்பித்தாள். அவன் வண்டியிலிருந்து இறங்கினான். அவள் முகத்தைப் பார்த்து நின்றான். அவள் சொல்லி முடிக்கும்வரை நின்றான். பாதியில் அவளுக்கே சந்தேகம் வந்து நிறுத்தினாள்.

"கேட்குதா உங்களுக்கு?"

"கேட்குது பூவாயி. நிறுத்தாதே. மிச்சத்தையும் சொல்லு."

அவள் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அழத்தான் வந்தது.

அந்த வாரமே கூரைக்குப் புது ஓலை வந்தது. விரிசல் மணிகளை, உருக்கிப் பாத்திரம் வார்க்கும் கன்னானிடம் கொடுத்து, வந்த பணத்தில்தான் வாங்கினார்கள். எது விரிசல், எது நல்லது என்று பூவாயி தட்டித் தட்டிப் பிரித்துக் கொடுத்தாள். யானை மணியைத் தட்டியபோது அதிர்வு அடங்கும்வரை கையை எடுக்காமல் இருந்தாள். "இதுக்காகவா கூரையை விட்டீங்க?" என்றாள். கொஞ்சம் கழித்து, "தப்புதான். ஆனா, எனக்கு இப்பப் புரியுது" என்றாள்.

பின் அறையின் கதவைச் சாத்தையன் கழற்றிவிட்டான். கிழவர் படுத்திருந்த மூலையில் இப்போது ஈரம் இல்லை. அங்கே உட்கார்ந்து அவன் யானை மணியை அடிப்பான். யாரிடமோ சொல்வது போல, வாங்கிய இடத்தையும், விற்றவனையும், அந்த யானையின் பெயரையும் சொல்வான். சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் காத்திருப்பான். பிறகு எழுந்து வேலைக்குப் போவான்.

ஊர் வாயை மூடவில்லை. முன்போலவே கேட்டது, "மணி சேர்த்து என்ன கண்டே?" என்று. இப்போது சாத்தையன், "வீட்டுக்கு வாங்க, அடிச்சுக் காட்டறேன்" என்பான். நிறையப் பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். சில பேர் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதற்கு என்று சொல்லாமலே போனார்.

அப்புறமும் அவன் மணி வாங்கினானா என்று கேட்கிறீர்களா? வாங்கினான். முன்போல இல்லை, எப்போதாவது. இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் சந்தையில் சின்னதாக ஒரு வெண்கல மணியைக் கையில் எடுத்தான். பூவாயியும் கூட வந்திருந்தாள். அவள் காதருகே கொண்டுபோய் ஆட்டினான்.

"சத்தம் சுத்தமா இருக்கு" என்றாள் அவள். "ஆனா விலை ரொம்ப அதிகம். மாட்டுக்கு லாடம் வேற அடிக்கணும்."

சாத்தையன் மணியை இன்னொரு தரம் ஆட்டினான். சத்தம் அடங்கும்வரை இருவரும் நின்று கேட்டார்கள். பிறகு அவன் அதை விற்பவன் கையில் திருப்பிக் கொடுத்தான். இருவரும் லாடம் அடிக்கிறவனைத் தேடி நடந்தார்கள். வழியெல்லாம் பூவாயி எதையோ குறை சொல்லிக்கொண்டே வந்தாள், அவன் கேட்டுக்கொண்டே நடந்தான்.